ஆர்க்டிக்கில் ஏற்காடு: முகவர்களுக்கான கருவி ஆவணங்கள் ஒரு மதிப்பீடு

ஒரு மென்பொருள் கருவியின் ஆவணம் தெளிவாக இருக்கிறதா என்பதை இதுவரை மனித வாசகரை மனத்தில் வைத்தே மதிப்பிட்டு வந்தோம். இன்று அதே ஆவணத்தைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் படிக்கின்றன. பயனர் தமிழில் ஒரு கேள்வி கேட்கிறார். முகவர் தானே கருவியைத் தேர்ந்து, உள்ளீடுகளை நிரப்பி, இயக்கி, விடையைச் சொல்லிவிடுகிறது. இடையில் மனிதக் கண் படுவதில்லை. இந்தப் புதிய வாசகருக்கு இன்றைய ஆவணங்கள் போதுமா? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தைச் சார்ந்த கருவிகளையும், எடுத்துக்காட்டாக ஏற்காட்டையும் கொண்டு இதை ஆராயலாம்.

ஒரே எல்லை, மூன்று வரிசைகள்

ஏற்காடு சேலம் மாவட்டத்தில், சேர்வராயன் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் அமைவிடம் ஏறத்தாழ 11.78 பாகை வடக்கு, 78.21 பாகை கிழக்கு. மலைக்கு வந்த ஒருவர் அங்கே மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று முகவரிடம் கேட்பதாகக் கொள்வோம். முகவர் ஊரைச் சுற்றி ஓர் எல்லைப் பெட்டி அமைத்துத் தேட வேண்டும்: தெற்கே 11.7, வடக்கே 11.9, மேற்கே 78.1, கிழக்கே 78.3.

இந்த நான்கு எண்களை எந்த வரிசையில் தருவது என்பதில்தான் சிக்கல். ஓவர்பாஸ் என்னும் வினவல் கருவி தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்று கேட்கிறது. 2016இல் ஆர்எஃப்சி 7946 ஆக வெளியான ஜியோஜேசன் வடிவம் மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்கிறது. ஊர்ப்பெயரைத் தேடித்தரும் நாமினட்டிம் தன் விடையில் தெற்கு, வடக்கு, மேற்கு, கிழக்கு என அடுக்குகிறது. ஒவ்வொரு வரிசையும் அதனதன் பக்கத்தில் விளக்கப்பட்டே உள்ளது. ஒன்றின் விடையை மற்றொன்றின் உள்ளீடாக இடும் முகவருக்கு மூன்றையும் சேர்த்துச் சொல்லும் இடம்தான் தேவை.

தெரியும் பிழை, தெரியாத பிழை

நாமினட்டிம் வரிசையை அப்படியே ஓவர்பாஸில் இட்டால், பெட்டி நைஜீரியாவின் வடகிழக்கிலிருந்து ஆர்க்டிக் கடல் வரை விரிந்துவிடும். நேரம் கடந்த பிழையோ மலைபோன்ற விடையோ வரக்கூடும். ஏதோ தவறு என்பதாவது தெரியும்.

ஜியோஜேசன் வரிசையை இட்டால் நிலைமை வேறு. பெட்டி நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் பகுதிக்குப் போய்விடும். அட்சரேகை 90 பாகையைத் தாண்டக் கூடாது. 78 அந்த வரம்புக்குள் இருப்பதால் கருவி மறுக்காது. வெற்றுப் பட்டியலைத் தரும். "ஏற்காட்டில் மருத்துவமனை எதுவும் கிடைக்கவில்லை" என்று முகவர் பிசிறில்லாத தமிழில் சொல்லிவிடும். ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கேட்டவர் வீணாகக் கொண்டை ஊசி வளைவுகளில் சேலத்துக்கு இறங்கத் தொடங்கியிருப்பார்.

91 பாகைக் கிழக்கைத் தாண்டிய குவாஹாட்டியில் இதே தவறு நேர்ந்தால் கருவி உடனே பிழை காட்டும். தமிழ்நாடும் இலங்கையும் முழுமையாக 90 பாகைக்கு மேற்கே இருப்பதால் நமக்கு அந்தக் காப்பு இல்லை. மனிதரானால் வரைபடத்தில் பனிக்கடலைக் கண்டதும் திருத்திக்கொள்வார். முகவர் பெரும்பாலும் எண்களை மட்டுமே பார்க்கிறது.

சுருக்கத்தில் தொலைவது

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற நெறிமுறைகளில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவை முகவருக்குத் தரப்படுகின்றன. பல பக்கக் கையேடு இங்கே இரண்டு வரியாகிவிடுகிறது. "எல்லைப் பெட்டி: நான்கு எண்கள்" என்ற விளக்கம் பொய்யல்ல, ஆனால் பயனற்றது. "தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு, ஏற்காட்டுக்கு 11.7, 78.1, 11.9, 78.3" என்று எழுத ஒரு வரி போதும். எனவே கையேட்டின் நீளத்தை வைத்து ஆவணத்தின் தரத்தை அளப்பது பொருந்தாது.

மதிப்பிடும் முறை

முகவருக்கான ஆவணத்தை மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். வரிசையும் அலகும் எடுத்துக்காட்டுடன் அந்த விளக்கத்திலேயே உள்ளனவா? வெற்று விடை வந்தால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறதா? உள்ளீட்டின் பெயரே பொருளை உணர்த்துகிறதா?

மூன்றாவதில் நாமினட்டிம் ஓரிடத்தில் பாராட்டுக்குரியது. ஆயத்தொலைவைக் கொண்டு இடத்தைக் கண்டறியும் வசதியில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தனித்தனிப் பெயரிட்டுக் கேட்கிறது. அங்கே வரிசை மாறினாலும் பொருள் மாறாது. ஆனால் அதன் பொதுச் சேவையை நொடிக்கு ஒரு கோரிக்கைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்ற விதி வேறொரு கொள்கைப் பக்கத்தில் இருக்கிறது. கருவி விளக்கத்தை மட்டும் படிக்கும் முகவர் அதை அறியாமலே மீறும்.

மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். முகவருக்குக் கருவி விளக்கத்தை மட்டும் கொடுத்து, சொந்த ஊரைப் பற்றி ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டு, அது அனுப்பிய எண்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒரு புள்ளி ஆர்க்டிக்கில் விழுந்தாலும் அந்த விளக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும்.