விடிகாலைக் காப்பியைக் கொண்டுவந்தவர்

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலப் காலை ஐந்தரை மணிக்கு எழுத உட்கார்ந்துவிடுவார். எதிரே கடிகாரம் இருக்கும். கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. முதல் அரை மணி, முந்தின நாள் எழுதியதைப் படித்துப் பார்ப்பதில் போகும். எட்டரைக்கு எழுந்து, உடை மாற்றி, சாப்பிட்டுவிட்டுத் தபால் துறை வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சாதாரண குமாஸ்தா உத்தியோகம் அல்ல அது. 1852இல் சேனல் தீவுகளில் தெருவோரத் தபால் பெட்டி வைத்துப் பார்த்தது அவர் யோசனையின்படிதான். 1867 வரை அந்த வேலையில் இருந்துகொண்டே எழுதினார். 1882இல் இறந்தபோது 47 நாவல்கள் அவர் பெயரில் இருந்தன.

தினசரி ஒழுங்கைப் போற்றுகிறவர்கள் இவரை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. "இன்றைக்குச் செய்யலாமா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா" என்று மனம் தினமும் பேரம் பேசினால், அதிலேயே பாதித் தெம்பு போய்விடும். வேளையும் இடமும் முன்பே முடிவாகிவிட்டால் அந்தப் பேரத்துக்கே இடமில்லை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து இதைச் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு புதுச் செயலைத் தினமும் குறிப்பிட்ட ஒரு வேளையை ஒட்டிச் செய்துவர வேண்டும். அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசமோ மிகப் பெரிது: 18 நாள் முதல் 254 நாள் வரை. மேடைப் பேச்சுகளில் அடித்துச் சொல்லப்படும் '21 நாள்' கணக்கு இங்கே நிற்கவில்லை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் ஏற்படவில்லை. காலை நடையை ஒரு நாள் தவறவிட்டதற்காக அதையே கைவிட்டுவிடுகிறவர்கள் இந்த ஒரு செய்தியையாவது மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ட்ரோலப்பின் கதையிலேயே இந்த முறையின் குறையும் இருக்கிறது. 'டாக்டர் தார்ன்' நாவலைத் தபால் துறை வேலையாக எகிப்துக்குப் போன பயணத்தில் எழுதினார். கடல் கொந்தளித்தபோது, எழுதிக்கொண்டிருந்த தாளை மேசையில் விட்டு ஓடிப்போய் வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பி வந்து தொடர்ந்திருக்கிறார். அதை முடித்த மறுநாளே 'தி பெர்ட்ராம்ஸ்' என்ற அடுத்த நாவலைத் தொடங்கினார். முன்னது நன்றாக விற்றது. பின்னதை நண்பர்கள்கூடப் பாராட்டிக் கேட்டதில்லை என்று அவரே எழுதிவைத்தார். கடிகாரத்தால் ஒருவரை எழுத வைக்க முடியும். இந்தக் கதை இன்னும் ஊறட்டும், ஒரு மாதம் பேனாவைத் தொடாதே என்று அதற்குச் சொல்லத் தெரியாது. 1883இல் அவருடைய சுயசரிதை வெளிவந்து இந்தச் சொல் கணக்கு ஊருக்குத் தெரிந்தபோது, செருப்புத் தைப்பதுபோல் நாவல் செய்தவர் என்று பலர் முகம் சுளித்தார்கள். அது அநியாயம். நல்ல நாவல்களும் அதே கணக்கில்தான் பிறந்தன.

அந்தச் சுயசரிதையில் வாசகர்கள் எளிதில் தாண்டிப் போய்விடும் ஒருவர் இருக்கிறார். ட்ரோலப் தானாக எழுந்தவர் அல்ல. வயதான குதிரைக்காரர் ஒருவர் காப்பியோடு வந்து அவரை எழுப்புவார். இதற்காக ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். வால்தம் கிராஸ் ஊரில் இருந்த அத்தனை வருடங்களில் அந்தக் காப்பி ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. தன் வெற்றியில் வேறு எவரையும்விட இவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று ட்ரோலப் மனம் திறந்து சொல்கிறார். 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதியை ரயிலில் பென்சிலால் எழுதினார். அதைப் படியெடுத்துக் கொடுத்தவர் மனைவி ரோஸ். எழுத்தாளர் ஐந்தரைக்கு உட்கார வேண்டுமென்றால் இன்னொருவர் அதற்கு முன்பே எழுந்து அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும். வெற்றி பெற்றவர்களின் 'காலை நேர ரகசியம்' பேசுகிறவர்கள் இந்த மனிதரை விட்டுவிடுகிறார்கள்.

அவருடைய தாய் பிரான்சிஸ் ட்ரோலப்புக்கு அந்த வசதி இல்லை. ஐம்பது வயதுக்கு மேல்தான் அவருடைய முதல் புத்தகம் வந்தது. கடன் தொல்லையால் 1834இல் குடும்பம் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகருக்கு ஓடிப்போனது. அங்கே கணவரும் ஒரு மகனும் சாகக் கிடந்தார்கள். மருந்துப் புட்டியும் மைப்புட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த அறையில் அவர் எழுதினார், அந்த வருமானத்தில் குடும்பம் சாப்பிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கு உட்கார்ந்து, வீடு விழிப்பதற்குள் எழுத்தை முடித்துவிடுவது அவர் வழக்கம். விடிந்த பிறகு அவருடைய நேரம் அவருடையதாக இருந்ததில்லை.

இந்தத் தாயைத் தமிழ்நாட்டு வீடுகளில் அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எட்டு மணி வேனில் பிள்ளை ஏற வேண்டுமென்றால் ஏழரைக்குள் டிபன் பாக்ஸை மூடியாக வேண்டும். அதற்கு ஆறரைக்குக் குக்கர் விசில் அடிக்க வேண்டும். குழாயில் ஐந்து மணிக்குத் தண்ணீர் விடும் தெருவென்றால் நாள் அப்போதே தொடங்கிவிடும். ஒழுங்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதில் அவருக்கென்று அவரே வகுத்த வேளை எது? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் நாட்டின் பெண்களில் 81.2 சதவீதம் பேர் ஈடுபட்டார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் உழைத்தார், ஆண் 97 நிமிடம். இந்தத் தாயிடம் போய், சீக்கிரம் எழுந்து தியானம் செய்யுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர் பட்டியலிலிருந்து எதை யார் எடுத்துக்கொள்வது என்பதுதான் பேச வேண்டியது.

எடுக்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் கண்முன் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. வேலைக்கு ஓடும் தாய்மாருக்குக் காலையில் ஒரு சமையல் குறைந்தது. பள்ளியில் கிளறும் உப்புமாவுக்கும் ஒருவர் இருட்டோடு எழத்தான் வேண்டும். பல ஊர்களில் அவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள், அதே பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, அதனால் அது போதுமா என்ற கேள்வியும் உண்டு. அவர்கள் கிளம்பிய பின் சொந்த வீட்டு அடுப்படிக்குள் கணவர் நுழைந்தாரா, மூத்த மகள் நுழைந்தாளா என்பதையும் யாராவது கணக்கெடுக்க வேண்டும்.