அம்ரிதா சேர்கிலின் பாரிஸ் ஆண்டுகளும் பேசாத மனிதர்களும்

அறிமுகம்

அம்ரிதா சேர்கில் (30 ஜனவரி 1913 – 5 டிசம்பர் 1941) நவீன இந்திய ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் சேர்கில் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பிரபு. வடமொழியும் பாரசீகமும் கற்றவர். ஒளிப்படக் கலையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். தாய் மரீ அந்துவானெத் ஹங்கேரியர், இசை பயின்றவர். 1921இல் குடும்பம் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறியது. 1929இல், தம் 16ஆம் வயதில், அம்ரிதா ஓவியம் கற்பதற்காகப் பாரிஸ் சென்றார். 1934 வரை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்து, அவ்வாண்டின் இறுதியில் இந்தியா திரும்பினார்.

இந்த ஐந்து ஆண்டுகளை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வகையாக மதிப்பிடுகின்றனர். பாரிஸ்தான் அவரை ஓவியர் ஆக்கியது என்பது ஒரு வகை. பாரிஸில் கற்றதை உதறிய பிறகே அவர் உண்மையான ஓவியர் ஆனார் என்பது மற்றொரு வகை. அவருடைய படங்களை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. இந்தியா திரும்பிய பின் அவர் வரைந்த படங்களின் வலிமையும் குறையும் ஒரே இடத்திலிருந்து, அதாவது பாரிஸ் ஓவியக்கூடத்திலிருந்து வந்தவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பாரிஸில் கற்றது

அம்ரிதா தனியாகப் பாரிஸ் செல்லவில்லை. பெற்றோரும் தங்கை இந்திராவும் உடன் சென்றனர். ஒரு பெண்ணின் ஓவியக் கல்விக்காகக் குடும்பமே வேறொரு நாட்டில் குடியேறுவதற்குப் பெரும் செல்வம் வேண்டும். அவருடைய திறமையைப் பேசும்போது இந்த வசதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறைத்தால் படிக்கும் மாணவர்களுக்குத் தவறான கணக்கைச் சொன்னதாகும்.

முதலில் கிராண்ட் ஷோமியேர் என்னும் தனியார் கலைக்கூடத்தில் பயின்றார். பின்னர் அரசின் நுண்கலைக் கல்லூரியான எகோல் தே போசாரில் லூசியன் சிமோன் என்னும் ஓவியரிடம் மாணவியானார். அக்கல்லூரியின் கதவு பெண்களுக்குத் திறந்ததே 1897இல்தான். அங்கே பயிற்சி என்பது பெரும்பாலும் மனித உடலை வரைவது. கூலிக்கு அமர்த்தப்பட்ட மாதிரி ஒருவர் மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் அமர்ந்திருப்பார். மாணவர்கள் அவரைச் சுற்றி அமர்ந்து எலும்பு, தசை, தோல், நிழல் என்று பார்த்துப் பார்த்து வரைவார்கள். இதையே ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டும்.

இந்தப் பயிற்சியின் பலன் விரைவிலேயே தெரிந்தது. 1932இல் வரைந்த ‘இளம்பெண்கள்’ என்னும் படம் அவருக்குத் தங்கப் பதக்கத்தையும், 1933இல் பாரிஸின் கிராண்ட் சலோன் அமைப்பின் இணை உறுப்பினர் தகுதியையும் பெற்றுத் தந்தது. அப்போது அவருக்கு வயது 20. படத்தில் இரண்டு பெண்கள் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தி நன்கு உடுத்தி நிமிர்ந்திருக்கிறாள். அதற்கு மாதிரியாக அமர்ந்தவர் தங்கை இந்திரா. மற்றவள் அரைகுறை ஆடையில், கூந்தல் முகத்தை மறைக்க இருக்கிறாள். அருகருகே இருந்தும் இருவருக்கும் இடையே பேச்சு நிகழ்வதாகத் தோன்றவில்லை. பின்னாளில் அவர் வரைந்த பல இந்தியப் படங்களின் அமைப்பு இதிலேயே தொடங்கிவிட்டது.

1933இல் வரைந்த ‘தொழில்முறை மாதிரி’ இன்னும் முக்கியமானது. அழகுக்காக அல்லாமல் கூலிக்காக உட்கார்ந்திருக்கும், வயது ஏறிய, தளர்ந்த ஒரு பெண்ணின் உடல் அது. மாணவர்கள் பயிற்சிப் பொருளாக மட்டும் பார்த்த ஒருவரை அம்ரிதா உழைப்பாளியாகப் பார்த்திருக்கிறார். வறியவர்களை இரக்கக் காட்சியாக்காமல் பெரிய அளவில், கண்ணியத்துடன் வரையும் பழக்கம் அவருக்கு இந்தியக் கிராமங்களைப் பார்ப்பதற்கு முன்பே வந்துவிட்டது என்பதற்கு இப்படமே சான்று.

பாரிஸிலிருந்து தெரிந்த இந்தியா

பாரிஸில் அவர் வெளியாளாகவும் இருந்தார். 1934இல் வரைந்த ‘தாகித்தியப் பெண்ணாகத் தன்னுருவம்’ என்னும் படத்தில் தம்மையே, பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் வரைந்த தீவுப் பெண்களுள் ஒருத்தியைப் போல மேலாடையின்றி நிறுத்திக்கொண்டார். ஐரோப்பியர் தம் போன்ற நிறமுள்ள பெண்ணை எவ்வாறு பார்ப்பார்கள் என்பதை அவர் அறிந்தே வரைந்தார். பின்னணியில் ஓர் ஆணின் நிழல் விழுகிறது. அந்தப் பெண்ணோ பார்ப்பவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதே ஆண்டு பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், ஐரோப்பிய நவீன ஓவியமே இந்திய ஓவியத்தையும் சிற்பத்தையும் புரிந்துகொள்ளத் தமக்கு வழிகாட்டியது என்ற பொருளில் எழுதினார். பாரிஸின் கீமே அருங்காட்சியகத்தில் உள்ள கீழைநாட்டுச் சிற்பங்களின் மேன்மையையும் அஜந்தாவின் மேன்மையையும் அக்கடிதம் பேசுகிறது. அவர் அஜந்தாவுக்கு நேரில் சென்றதோ 1936இன் இறுதியில்தான். பாரிஸை உதறிவிட்டு இந்தியாவைக் கண்டார் என்று சொல்வோர் இந்தக் கடிதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்று பெண்கள்

1935இல் வரைந்த ‘மூன்று பெண்கள்’ அவருடைய மிகப் புகழ்பெற்ற படம். 1937இல் பம்பாய் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் பெற்றது. மூன்று இளம்பெண்கள் நெருங்கி அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தியும் மற்றவளைப் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. தங்கள் கையில் இல்லாத ஏதோ ஒன்று முடிவாகக் காத்திருப்பவர்களைப் போல் இருக்கின்றனர்.

இப்படத்தை இந்தியப் பெண்ணின் துயரம் என்று விளக்குவது வழக்கம். ஆனால் மாதிரியாக அமர்ந்தவர்கள் ஓவியரின் உறவினர் வீட்டுப் பெண்கள். பிரபு குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே அந்த மௌனத்தை வறுமையின் அடையாளம் என்று மட்டும் கொள்ள முடியாது. பாரிஸ் ஓவியக்கூடத்தில் மாதிரிப் பெண் எப்படி அசையாமல் தனக்குள் ஒடுங்கி இருந்தாளோ, அப்படியே இவர்களும் இருக்கின்றனர். உடலின் கனத்தையும் தோலின் நிறத்தையும் இவ்வளவு உறுதியாகத் தீட்டுவதற்கு அந்தப் பயிற்சி உதவியது. பேசாமல் இருப்பதும் அந்தப் பயிற்சியோடு சேர்ந்தே வந்தது.

தென்னகப் படங்கள்

அஜந்தாவைப் பார்த்த பின் அம்ரிதா தெற்கே பயணம் செய்தார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைக் கண்டு வியந்தார். சிம்லா திரும்பியபின் 1937இல் ‘மணமகள் ஒப்பனை’, ‘பிரம்மசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஆகிய மூன்று பெரிய படங்களை வரைந்தார். கறுத்த மேனியின் அழகைத் தயக்கமில்லாமல் காட்டிய படங்கள் இவை. சிவந்த தோலையும் பட்டுச் சேலையையும் அழகென்று நாட்காட்டிப் படங்கள் பழக்கியிருந்த காலத்தில் இது பெரிய செயல்.

இருப்பினும் மூன்றாவது படத்தைப் பார்க்கும்போது நம் பகுதி வாசகருக்கு ஒரு கேள்வி எழும். திருமானூர் போன்ற கொள்ளிடக் கரை ஊர்களில் சந்தைக்குப் போகும் பெண்களை நாம் அறிவோம். சும்மாடு கூட்டிக் கூடையைத் தூக்கிய உடனே பேச்சு தொடங்கிவிடும். கத்தரிக்காய் விலையிலிருந்து மருமகள் கதைவரை பேசி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். வறுமை இருக்கும், வாயடைத்துப் போவதில்லை. அம்ரிதாவின் கிராமத்தாரோ ஊர்வலத்தில் செல்லும் சிலைகளைப் போல் செல்கின்றனர். அவருக்கு நம் மொழி தெரியாது. இங்கே இருந்ததும் சிறிது காலமே. பார்த்த உடல்களை அவர் கொண்டுபோனார்; கேட்டிருக்கக்கூடிய பேச்சு படத்தில் இல்லை.

இந்த அமைதி அஜந்தாவிலிருந்து வந்தது என்று சிலர் சொல்லக்கூடும். அஜந்தாவின் நிறமும் உடல் வடிவமும் அவரிடம் உண்டு என்பது சரி. ஆனால் அஜந்தாச் சுவர்கள் சாதகக் கதைகளைச் சொல்பவை. அங்கே மனிதர்கள் ஒருவரை நோக்கி ஒருவர் சாய்கின்றனர்; கைகளும் கண்களும் உரையாடுகின்றன. நமக்கு அருகில், ஆற்றுக்கு அப்பால் தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் கண்டறியப்பட்ட சோழர் கால ஓவியங்களில் பெண்கள் உடல் வளைத்து ஆடுகின்றனர். இந்தியச் சுவரோவிய மரபு மௌன மரபு அன்று.

அம்ரிதாவின் பக்கமும் நியாயம் உண்டு. வறிய இந்தியர்களின் வாழ்வையும், அவர்களுடைய பொறுமையையும் வாய்பேசாத் தன்மையையும் காட்டுவதே தம் நோக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். வெயிலும் வண்ணமுமாக இந்தியாவைக் காட்டிய சுற்றுலாப் படங்களுக்கு எதிராக அவர் அந்த மௌனத்தை வைத்தார். அது வேண்டிய எதிர்ப்பே. ஆயினும் ஓவியர் தேர்ந்துகொண்ட மௌனத்தை மக்களின் இயல்பு என்று நாம் படித்துவிடக் கூடாது.

பிந்தைய படங்கள்

இக்குறையை அவருடைய ஓவியங்களே தாண்டத் தொடங்கின. 1938இல் உறவினரான விக்டர் ஏகானை ஹங்கேரியில் மணந்து, கோரக்பூர் அருகே சராயாவில் குடும்பத்தின் பண்ணையில் வாழ்ந்தார். பசோலி, முகலாயச் சிற்றோவியங்களின் தாக்கம் இக்காலத்தில் வலுப்பெற்றது. ‘அந்தப்புர முற்றத்தில்’ (1938), ‘முதிய கதைசொல்லி’ (1940) போன்ற படங்களில் மனிதர்கள் அளவில் சிறுத்து, மரம், சுவர், முற்றம் ஆகியவற்றோடு சேர்ந்து வாழ்பவர்களாக மாறுகின்றனர். ஒருத்தி மற்றொருத்திக்குத் தலை பின்னுகிறாள். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கின்றனர். ஓவியக்கூட மாதிரி எழுந்து நடமாடத் தொடங்கியதைப் போன்ற மாற்றம் இது. ஒரு பண்ணையில் தங்கி, அதே மக்களை நாள்தோறும் பார்த்ததன் பயன் என்று இதைக் கொள்ளலாம். 1941 டிசம்பரில், லாகூரில், 28 வயதில் அவர் இறந்தபோது இந்த மாற்றம் பாதி வழியில் இருந்தது.

மதிப்பீடு

அவருடைய ‘கதைசொல்லி’ (1937) என்னும் படம் 2023இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அன்றுமுதல் அவரைப் பற்றிய பேச்சில் விலையே முன்னால் நிற்கிறது. விலையை ஒதுக்கிவிட்டுப் படத்தைப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்லது. ‘தொழில்முறை மாதிரி’, ‘மூன்று பெண்கள்’, ‘அந்தப்புர முற்றத்தில்’ ஆகிய மூன்றின் படிகளையும் இணையத்தில் எடுத்து வரிசையாக வைத்து, யார் யாரைப் பார்க்கிறார்கள், கைகள் என்ன செய்கின்றன என்று மட்டும் கவனித்தால் போதும். அவர் எங்கே தொடங்கி எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது விளங்கும். அவருடைய ஓவியங்களின் பெருந்தொகுதி தில்லியில் உள்ள தேசிய நவீன ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1976இல் அவை நாட்டின் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன.

தம் ஊரைவிட்டுப் பெரிய நகருக்குப் படிக்கச் செல்லும் பெண்களுக்கு இவ்வரலாற்றில் நேரடியான பயன் உண்டு. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்ய இடமும் காலமும் கிடைத்தால் கையும் கண்ணும் தேறும். அங்கே கற்ற பார்வையோடுதான் ஊர் திரும்புவோம். அதைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. திரும்பியபின் அந்தப் பார்வைக்குள் ஊர்க்காரர்களின் குரல் நுழைவதற்குப் பின்னும் சில ஆண்டுகள் வேண்டும். அம்ரிதாவுக்கு அந்த ஆண்டுகள் போதிய அளவு கிடைக்கவில்லை.