அடடா, இந்தத் துருக்கி உருபுகள்!

துருக்கி மொழி படிக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது, "எதுக்குய்யா?" என்றுதான். என் பதில் ஒரே சொல்: எவ்லெரிமிஸ்தென். 'எவ்' வீடு, 'லெர்' பன்மை, 'இமிஸ்' எங்களுடைய, 'தென்' இருந்து. ஆக, 'எங்கள் வீடுகளிலிருந்து'. 'எங்கள்' என்று தனியாக எதுவும் முன்னால் வரவேண்டியதில்லை. பன்மை, உடைமை, வேற்றுமை என்று வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். என்ன ஒழுங்கு!

தமிழில் 'அகமதின் வீடு' என்றால் வீடு சும்மா இருக்கும். துருக்கியில் அதுவும் வாய் திறக்க வேண்டும்: 'அஹ்மெதின் எவி'. உடையவருக்கு ஓர் ஒட்டு, உடைமைக்கு ஓர் ஒட்டு. இது பிடிபட்ட பிறகு இஸ்தான்புல் தெருக்களில் நடப்பதே தனி சுகம். கலாத்தா கோபுரம் 'கலாத்தா குலெசி', பாலம் 'கலாத்தா கொப்ரூசூ', புகழ்பெற்ற கடைவீதி 'இஸ்திக்லால் ஜத்தெசி'. துருக்கிக் காபிகூட 'துர்க் கஹ்வெசி'தான். கடைசியில் வரும் சி, சூ எல்லாம் அதே உடைமை ஒட்டு. முன்னால் உள்ள உயிரைப் பார்த்து உருமாறும். பலகை பலகையாக நின்று வாசித்தேன், கூட வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

'பாலத்தில்' என்று சொல்ல 'தெ' சேர்த்தேனா, 'கொப்ரூசூன்தெ' என்று நடுவில் ஒரு 'ன்' குதித்தது. சாரியை ஐயா, சாரியை! மரம் 'மரத்தை' ஆகும்போது இடையில் 'அத்து' வருமே, அதே வேலை.

இன்னும் கேளுங்கள். 'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன். ஏதோ ஒரு புத்தகம். குறிப்பிட்ட புத்தகம் என்றால் 'கிதாபு ஒகுதும்', அதாவது புத்தகத்தைப் படித்தேன். நம் இரண்டாம் வேற்றுமைத் தொகையேதான்! அந்தக் கடைசி 'பு'வும் உதடு குவியாத நம் குற்றியலுகரம் மாதிரியே ஒலிக்கும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் முழி பிதுங்கும் இடம், நமக்கு ஓசி.

ஒரே ஒரு குறை. 'எவின்தெ' என்றால் உன் வீட்டிலா, அவர் வீட்டிலா? இரண்டும்தான். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு ஒத்துப்போகிறதே, தமிழுக்கும் துருக்கிக்கும் உறவு ஏதும் உண்டா? 1856-இல் வெளியான ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், துருக்கியும் அடங்கிய 'சித்திய' மொழிகளோடு திராவிட மொழிகளுக்கு உறவு தேடினார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் போகிறது, இந்த ஒற்றுமையே எனக்குப் போதும்.

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்து நொந்தவரா நீங்கள்? துருக்கியைத் தைரியமாக எடுங்கள். சாரியையும் தொகையும் தெரிந்தவருக்குப் பெயர்ச்சொல் பாடம் பாதி முடிந்த மாதிரிதான்.