எளிமை யாருடைய உடைமை?

பாரிசு நகரத்து நங்கையிடம் பத்தே உடைகள்தாம் இருக்குமாம்! வெள்ளைச் சட்டை ஒன்று, கருநீலக் கம்பளிச் சட்டை ஒன்று, கோடு போட்ட பனியன் ஒன்று, கால்சட்டை இரண்டு, இப்படி. அவற்றையே மாற்றி மாற்றி அணிந்து, தலைமுடியைக்கூடச் சரிவர வாராமல் அவள் வெளியே வந்தால், வீதியே திரும்பிப் பார்க்குமாம். முயற்சியே இல்லாத அழகு என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஏடுகள் எழுதுகின்றன, நூல்கள் விற்கின்றன. நம்மோடு பணியாற்றும் தோழி ஒருவர், திருமணத்திற்கு நாள் குறித்திருப்பவர், இதைப் படித்துவிட்டு, "இனிப் பத்துப் புடவைக்குமேல் ஒன்றும் வேண்டாம்" என்று உறுதி பூண்டார். மறுவாரமே பரமக்குடிக்குச் சென்று அந்தப் பத்தையும் புதிதாக வாங்கிவந்தார்! பழையவை பெட்டியில் அப்படியே உறங்குகின்றன.

தோழியை நகைப்பதற்காக இதைக் கூறவில்லை. நாமும் அந்த எழுத்துக்களை விரும்பியே படித்தோம். கடலாடியிலிருந்து பாரிசைப் பார்ப்பது தவறா? உலகத்துச் சிந்தனை எதுவாயினும் நம் வாயிற்படிக்கு வரட்டும். வந்ததை நம் அறிவு என்னும் தராசில் நிறுத்துப் பார்ப்போம். அதைத்தான் இங்கே செய்ய முனைகிறோம்.

இந்நெறிக்கு மறைநூல்போல் மதிக்கப்படுவது, இனெசு டி லா பிரெசாஞ்சு அம்மையார் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு. 1980களில் சனேல் நிறுவனத்தின் ஆடைகளை அணிந்து காட்டிப் புகழ்பெற்றவர் அவர். ஆண்கள் அணியும் மேற்கோட்டு, மழைக்கோட்டு, கருநீலக் கம்பளிச் சட்டை, கையில்லாப் பனியன், சிறு கறுப்புக் கவுன், ஜீன்சு, தோல்சட்டை ஆகிய ஏழும் இருந்தால் ஒரு பெண்ணுக்குப் போதும் என்பது அவர் கூறும் அறிவுரை. சித்திரை வெயிலில் தோல்சட்டை அணிந்து கடலாடிப் பேருந்து நிலையத்தில் ஒருத்தி நின்றால், வீதி திரும்பிப் பார்க்கும் என்பதில் நமக்கும் ஐயமில்லை!

எனினும், நல்லது எங்கிருந்தாலும் நல்லதுதான். குறைவாக வாங்கு, உடலுக்குப் பொருந்த வாங்கு, நெடுநாள் உடுத்து, நேற்று உடுத்தியதையே இன்றும் உடுத்த வெட்கப்படாதே. இவற்றில் எதை மறுப்போம்? ஒரே ஒரு முகூர்த்தப் பொழுதுக்காகக் கடன்பட்டுப் பட்டு வாங்கி, பிறகு அதை அந்துருண்டையோடு பூட்டிவைக்கும் நாடு நம்முடையது. திருமணம் என்றால் உறவுப்பெண்கள் அனைவர்க்கும் ஒரே நிறத்தில் சேலை, அதற்கு ஏற்றாற்போல் இரவிக்கை, தையற்கூலி, வளையல்! விழா முடிந்ததும் அந்தச் சேலையை மறுபடி உடுத்த ஆளில்லை. "போன கல்யாணத்துக்கும் இதைத்தானே கட்டியிருந்தாய்" என்னும் ஒரு கேள்விக்கு அஞ்சி, ஓராண்டுச் சேமிப்பைத் துணிக்கடையில் கொட்டும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்கள் காதில், உடுத்தியதையே உடுத்து என்னும் பாரிசுக் குரல் விழட்டும். வரவேற்கிறோம்.

ஆனால், முயற்சியே இல்லாத அழகு என்கிறார்களே, அங்கேதான் நம் வழக்கு தொடங்குகிறது.

கையேடு எழுதிய அம்மையார் யார்? தந்தை மார்க்கிசு என்னும் பிரபுப் பட்டம் உடையவர். பாட்டியார் லசார் வங்கிக் குடும்பத்து வாரிசு. குற்றமாகக் கூறவில்லை, பிறப்பு எவருடைய குற்றமும் அன்று. ஆயினும், வெறும் வெள்ளைச் சட்டையோடு அவர் எந்த மாளிகையில் நுழைந்தாலும், "நீ யார்?" என்று வாயிற்காவலன் கேட்கமாட்டான். தலைவாராமல் வந்தால் அது ஒயில். அதே சட்டையோடு, அதே வாராத தலையோடு ஒரு கூலிப்பெண் அந்த வாயிலில் நின்றால்? அது வறுமை! துணி ஒன்றுதான். பார்க்கும் கண் வேறு. முயற்சி இல்லை என்று அவர்கள் சொல்வது, முயற்சியை முன்னோர் முடித்துவைத்துவிட்டார்கள் என்பதன் மறுபெயரே.

பாரிசு எளிமையின் கதையே இதற்குச் சான்று. அந்தக் கோடு போட்ட பனியன், பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளுக்கு 1858ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட உடை. வெள்ளைக் கோடுகள் 21. ஒவ்வொன்றும் நீலக் கோட்டைப்போல் இருமடங்கு அகலம். அதையும், ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட மலிவான பின்னல் துணியையும் சீமாட்டியரின் மேனிக்கு ஏற்றியதில் கேபிரியேல் சனேலுக்குப் பெரும்பங்கு உண்டு. 1883இல் பிறந்து, தாயை இழந்து, கன்னியர் மடத்து அனாதை விடுதியில் வளர்ந்தவர் அவர். 1913இல் தோவில் என்னும் கடற்கரை ஊரில் கடை திறந்தார். இடுப்பை இறுக்கிய கச்சிலிருந்து பெண்களை விடுவித்த கைகளுள் அவருடைய கைகளும் உண்டு. 1926இல் அவர் வடித்த சிறு கறுப்புக் கவுனை, யாவரும் வாங்கத்தக்க போர்டு மோட்டாருக்கு ஒப்பிட்டது அமெரிக்க ஏடு ஒன்று. பாராட்டுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாலுமியின் சட்டை மாளிகை ஏறியது, மாலுமி ஏறவில்லை!

அந்த நாட்டிலும் உடை என்பது விருப்பம் மட்டுமாக இருந்ததில்லை. சட்டமாகவும் இருந்தது. 1686 முதல் 1759 வரை, இந்தியாவிலிருந்து சென்ற அச்சுப் பருத்தித் துணியைப் பிரான்சில் விற்பதும் உடுத்துவதும் தடைசெய்யப்பட்டிருந்தன. நம் சோழமண்டலக் கரை அனுப்பிய வண்ணச் சீட்டித்துணி அந்நாட்டு நெசவை அழித்துவிடும் என்ற அச்சம்! பிறகு வந்தது, 1800ஆம் ஆண்டில், பாரிசுக் காவல்துறையின் ஆணை: ஆணுடை அணிய விரும்பும் பெண், காவல்துறையிடம் அனுமதி பெறவேண்டும். 1892இலும் 1909இலும் சிறு தளர்வு தந்தார்கள். கையில் குதிரையின் கடிவாளமோ மிதிவண்டியின் பிடியோ இருந்தால், பெண் கால்சட்டை அணியலாமாம்! இறங்கி நடந்தால் குற்றம்! ஏட்டளவில் கிடந்த அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது எப்போது தெரியுமா? 2013 சனவரியில். ஆண்களின் மேற்கோட்டும் ஜீன்சும் அணிந்து "முயற்சியின்றி" உலவும் இன்றைய பாரிசுப் பெண்ணுக்காக, யாரோ எத்தனையோ பேர் வழக்காடியிருக்கிறார்கள், வசை கேட்டிருக்கிறார்கள். கையேடுகளில் அவர்கள் கதைக்கு இடமில்லை. இடமளித்தால் முயற்சியற்ற அழகு என்ற பெயர் பொருந்தாதே!

இனி, நம் மண்ணுக்கு வருவோம். எளிய உடை என்றதும் நம் மாணவர்கள் சொல்லும் பெயர் காந்தியடிகள். 1921 செப்டம்பர் 22ஆம் நாள், மதுரையில், சட்டையும் தொப்பியும் துறந்து அரைவேட்டிக்கு மாறினார் அவர். ஏழை உழவன் உடுத்த வழியின்றி உடுத்தும் துணியை, அவர் விரும்பி உடுத்தினார். உலகம் வியந்தது. பாடநூலில் படம் இருக்கிறது. நாமும் வகுப்பில் நடத்துகிறோம்.

பாடநூலில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. அடுத்த ஒன்பதே ஆண்டுகளில், 1930இல், மதுரைக்கு அண்டையில் இருக்கும் நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் (சிவகங்கையும் விருதுநகரும் அன்று இதற்குள் அடக்கம்) ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி, இந்தியச் சாதிமுறை பற்றிய தம் நூலில் அவற்றைப் பதிந்துவைத்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் பூணக்கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்கலமன்றி வேறு கலம் கூடாது. பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக்கூடாது. பூச்சூடக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது. காலுக்குச் செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

பாரிசுக் கையேட்டில் வேண்டிய பொருள்கள் ஏழு. நம் மாவட்டத்தில் வேண்டாத் தடைகள் எட்டு! நகையில்லை, ஒப்பனையில்லை, ஒற்றைத் துணி. எளிமைதான் அழகு என்றால், அந்த மக்களைவிட எளிமையாக உடுத்தியவர் இவ்வுலகில் யார்? அவர்களைப் பார்த்து எந்த ஏடும் எழில் என்று எழுதவில்லையே, ஏன்?

விருப்பத்தால் குறைப்பது எளிமை. பிறர் கட்டளையால் குறைவது இழிவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். உடுத்தியவனுக்குத் தெரியும் வேறுபாடு. தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டுப் போராடியபின், 1859இல் மன்னர் வெளியிட்ட அறிவிப்பைப் பாருங்கள். மார்பை மறைத்துக்கொள்ளலாம், முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தக்கூடாது! முரட்டுத்துணியின் எளிமையைத் தாராளமாக வழங்கிய வள்ளன்மையை என்னென்பது? அண்ணல் அம்பேத்கர் ஏன் கோட்டும் சூட்டும் கழுத்துப்பட்டையுமாகவே இருந்தார் என்று கேட்கும் அறிவாளர்கள் இன்றும் உளர். அரைவேட்டி உடுத்தினால் அவருக்குக் கைதட்டல் கிடைத்திருக்காது, தோழர்களே. "உன் இடம் அதுதான்" என்ற சொல்தான் கிடைத்திருக்கும்.

பழங்கதை என்று தள்ளிவிடலாமா? 2014ஆம் ஆண்டில், உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டி வந்தார் என்பதற்காகச் சென்னையின் மன்றம் ஒன்று அவரை உள்ளே விடவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை! இதைவிட எளிய, இந்த வெயிலுக்கு ஏற்ற, தலைமுறை தலைமுறையாக மாறாத உடை உலகில் வேறு உண்டா? பாரிசில் பிறந்திருந்தால் அதற்குப் பத்துக் கையேடு வந்திருக்கும். இங்கோ, அதைக் காக்க அதே ஆண்டில் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றவேண்டியிருந்தது.

வேட்டிக்குச் சட்டம் வந்தது. நம் போன்ற பெண்களுக்கு? தலைமைச் செயலகப் பணியாளர்க்கான உடைகளை 2019இல் அரசு வகுத்தபோது, சேலையோடு சுடிதாரையும் சேர்த்தது. துப்பட்டாவோடு என்ற நிபந்தனையும் உடன்வந்தது. ஆனால் ஆசிரியர் அறைகளுக்கென்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறதே! பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில், சுடிதாரில் சென்ற நம்மைப் பார்த்து, "மாணவி என்று நினைத்தேன்" என்றார் மூத்தவர் ஒருவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மறுநாள் முதல் சேலை. ஐந்தரை மீட்டர் துணி, ஆறு ஊக்குகள், நெரிசல் பேருந்து. சுண்ணக்கட்டி வைக்கவோ சில்லறை வைக்கவோ ஒரு பை கிடையாது. சேலையை நாம் வெறுக்கவில்லை. பரமக்குடி பக்கத்து எமனேசுவரத்துத் தறியில் நெய்த பருத்திச் சேலை ஒன்று நம்மிடம் உண்டு, துவைக்கத் துவைக்க மெருகேறும் அது. விரும்பிக் கட்டும் நாளில் அது இலேசாக இருக்கிறது. கட்டாயத்தால் கட்டும் நாளில் கனக்கிறது. இதை எந்தக் கையேடும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

மாலுமியின் சட்டையைத் தேடிக் கடல்கடந்து போகவேண்டுவதில்லை. இராமேசுவரம் தீவின் கரைகளில் கடற்பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களைக் கண்டிருக்கிறீர்களா? சேலைக்கு மேல் ஆணின் பழைய சட்டை; விரல்களில் சுற்றிய துணி; கண்ணுக்குக் கண்ணாடி. பாறை கிழிக்காமல் காக்கும் உடை அது. நம் பக்கத்தில், சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் பெண்களும், நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களும் அப்படியே சட்டை அணிகிறார்கள். முள்ளுக்கும் வெயிலுக்கும் காப்பு. மார்புப் பையில் வெற்றிலை, பேருந்துக் காசு. தேவையறிந்து தேர்ந்த உடை. நடையை வருத்தாத உடை. யாரையும் கேளாமல் அவர்களே கண்டுபிடித்த உடை. கையேடு கூறும் இலக்கணம் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது.

சென்ற பருவத்தில், மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிட மாணவி ஒருத்தியின் தாயார் வந்தார். கரிமூட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார். கணவரின் நீலக்கோடு போட்ட முழுக்கைச் சட்டை. பள்ளி வாயிலில் நின்று, அதைக் கழற்றி, நான்காக மடித்து, மஞ்சள் பைக்குள் வைத்தபிறகே உள்ளே அடியெடுத்துவைத்தார். "ஏனம்மா, அப்படியே வந்திருக்கலாமே?" என்றோம்.

"அதெப்படி டீச்சர், பள்ளிக்கூடத்துக்குள்ள இதப் போட்டுக்கிட்டா வர்றது?" என்று கூசினார்.

பக்கத்தில் நின்ற மகள், அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நாம் பட்டியலைத் திறந்து, எழுதுகோலை அந்த அம்மையாரிடம் நீட்டினோம்.