சிக்கனம் என்றொரு சொல்

1962இல் அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் நீல் நீரிழிவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'சிக்கன' மரபணுவமைப்பை 'முன்னேற்றம்' கேடாக்கிவிட்டதா என்று தலைப்பிலேயே கேட்டார். இரு சொற்களுக்கும் மேற்கோள்குறி, முடிவில் கேள்விக்குறி. பின்னால் எழுதிய பலரிடம் அந்தக் குறிகள் உதிர்ந்துவிட்டன. ஊகம் உண்மைபோலப் புழங்கலாயிற்று.

பஞ்சமும் செழிப்பும் மாறிமாறி வந்த காலத்தில் கொழுப்பைச் சேமித்த உடல் பிழைத்தது. தினமும் வயிறு நிறையும் காலத்தில் அதே உடல் நோய்ப்படுகிறது என்பது அவர் வாதம். தமிழ் படித்த எனக்கு அந்தச் சொல் இடறுகிறது. சிக்கனம் நம் வீடுகளில் பெண்ணுக்குச் சொல்லித்தரப்படும் குணம். அந்தக் குணமே குறையாகும்போது, பஞ்சத்தை உண்டாக்கியவர் யார் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது.

இக்கருத்துக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவர்கள் அரிசோனாவின் பிமா மக்கள். கிலா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேற்பகுதியில் குடியேறிய வெள்ளையர் நீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது. பிறகு அரசு தந்த மாவும் கொழுப்பும் சர்க்கரையும் உணவாயின. மரபில் அவர்களுக்கு நெருங்கிய பிமாக்கள் மெக்சிகோ மலைப்பகுதியில் உழுது வாழ்கிறார்கள். 2006இல் வெளியான ஒப்பீட்டில் மெக்சிகோ பிமாக்களிடம் நீரிழிவு 6.9 சதவீதம், அரிசோனாவில் 38. இரு இடங்களிலும் பெண்களிடமே அதிகம்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவரவில்லை. 2007இல் எஃப்.டி.ஓ. மரபணுவில் ஒரு மாறுபாடு கண்டறியப்பட்டது. அதைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை இருந்தார்கள். 3 கிலோ உண்மை. ஆனால் 6.9க்கும் 38க்கும் இடையிலுள்ள தூரத்தை அது கடக்காது.

1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் மரபணுவை விட்டுக் கருவறைக்கு வந்தார்கள். கருவில் ஊட்டம் குறைந்த குழந்தைக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். 'சிக்கனம்' என்ற சொல்லை மட்டும் விடவில்லை. பயனுள்ள அறிவுதான். மருத்துவரின் மேசைக்கு வரும்போதோ அது, "மாசமா இருந்தப்ப ஒழுங்கா சாப்பிட்டியா?" என்று தாயை அதட்டும் கேள்வியாகச் சுருங்குகிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியை வழித்துத் தின்றவளிடம் கேட்கும் கேள்வியா இது?

சென்ற பருவத்தில் ஒரு மாணவி ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி, "எங்கம்மா குடுத்தது மேடம்" என்றாள். உன் அம்மாவுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். குடும்ப நோய் வரலாறு கேட்கும் படிவத்தில் அந்த வரியும் இருக்க வேண்டும்.