கால் நீட்ட ஓர் இடம்

தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து பழநிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பழநி மலைமேலேயே ஓரிரவு தங்கும் பரம்பரை உரிமை உள்ளவர்கள். மலையில் சரி, வழியில்? புளிசாதம், சுக்குக்காபி எல்லாம் தாராளம். ராத்திரியானால் கடைத்திண்ணைதான். பெண்கள் பாடு கேட்கவே வேண்டாம்.

ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைப் பாதை நெடுக 'ஆல்பெர்கே' என்று தங்குமிடங்கள். ஒரு கட்டில், குளியலறை, யாத்திரை அட்டையில் ஒரு சீல். காலையில் மூட்டையைத் தூக்கிவிட வேண்டும். நமக்கென்ன புதுசா? ராணி மங்கம்மாள் கட்டாத சத்திரமா!

அன்னதானம் என்றால் பேனரில் பேர் போடலாம். கக்கூஸில் போட முடியுமா?

பி.காம். புத்தி கணக்குப் போடுகிறது. வருஷத்தில் சில வாரக் கூட்டத்துக்காகக் கட்டடம் கட்டினால் நஷ்டம்தான். கட்டவே வேண்டாம். ரோட்டோரப் பள்ளிக்கூடங்களை ராத்திரி திறந்துவிடுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வரட்டும். காலை மணி அடிக்கும்முன் அவர்கள் அடுத்த ஊர் போயிருப்பார்கள்.