வெண்பா: கடைசி அத்தியாயத்தில் கரண்டி கைமாறுகிறது

எங்கள் வீட்டில் மூன்று பேராக உட்கார்ந்து 'வெண்பா' விளையாட்டை முடித்தோம். நான், கல்லூரியில் படிக்கும் அக்கா மகன், எழுபது தாண்டிய அம்மா. கடைசி அத்தியாயம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியபோது மூன்று பேருக்கும் மூன்று அபிப்பிராயம். "இவ்வளவுதானா?" என்றான் மருமகன். நான் ஒன்றும் பேசவில்லை, தொண்டை அடைத்திருந்தது. அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' இதைத் தயாரித்தது, வடிவமைத்தவர் அபி. 2023 ஜூலை 31 அன்று கணினி, நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றில் வெளிவந்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரின் கதை. ஜப்பானில் வளர்ந்த 'விஷுவல் நாவல்' மரபுக்கு நெருங்கிய சொந்தம் இது. படம் தெரியும், வசனம் ஓடும், சில இடங்களில் என்ன பதில் சொல்வது என்று நாம் தேர்ந்தெடுப்போம். அதோடு சமையலும் சேர்ந்திருக்கிறது. துப்பாக்கி இல்லை, மதிப்பெண் இல்லை, தோல்வியும் இல்லை. தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம்.

நான் மடிக்கணினியில் மவுசை வைத்து ஆங்கிலத்தில் விளையாடினேன். அம்மாவுக்காக ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அப்படிச் செய்தபோதுதான் ஒன்று புரிந்தது. வெண்பாவும் பாவலனும் தங்களுக்குள் பேசுவதெல்லாம் தமிழில் யோசித்து எழுதப்பட்ட பேச்சு. திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரும்போது எங்கேயும் முட்டவில்லை, தன் வீட்டுக்குள் நுழைவதுபோல அந்த வரிகள் நுழைந்தன. கவின் வளர வளர அவனுக்குத் தமிழ் தேய்கிறது. அதை எழுத்தை வைத்தே காட்டியிருக்கிறார்கள்: அவன் காதில் விழும் அம்மாவின் சில சொற்கள் திரையில் தெளிவிழந்து போகின்றன. அந்த இடத்தில் நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன். மகன் தமிழைக் கேட்கிறான், அது அவனுக்குள் போகவில்லை என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சமையல் பகுதிகளுக்கு வருகிறேன். வெண்பாவிடம் அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. பக்கம் கிழிந்து, எழுத்து அழிந்து, பாதிதான் மிச்சம். அழிந்த பாதியை ஊகித்துச் சமைப்பதுதான் புதிர். முதலில் இட்லி, அடுத்தது புட்டு. புட்டு வந்ததும் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். எங்கள் நாஞ்சில் நாட்டில் புட்டுக்கு அறிமுகம் வேண்டாம். குற்றியில் அவித்த புட்டும் சிறுபயறும் பப்படமும், கூடவே ஏத்தம்பழமோ மட்டிப்பழமோ இருந்தால் காலை முடிந்தது. குழலுக்குள் எதை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று நான் தடுமாறியபோது, "சில்லு போட்டியா மக்கா?" என்று, குழலின் அடியில் வைக்கும் துளைத்தட்டைக் கேட்டுவிட்டு மவுசை வாங்கிக்கொண்டாள். மவுசைப் பிடிக்க அவளுக்கு இரண்டு நிமிடம் ஆனது. புதிரை அவிழ்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் சொன்ன குறை ஒன்றே: மாவு விரவும் பதம் இதில் இல்லை. உள்ளங்கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். அந்தப் பதத்தை எந்தத் திரையும் கைக்குக் கொடுக்காது, அதற்காக இந்த விளையாட்டைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஒலியை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். எண்ணெய் காயும் சத்தம், கடுகு வெடிக்கும் சத்தம், மூடியைத் திறந்ததும் ஆவி சீறும் சத்தம் எல்லாம் எங்கள் அடுப்படிச் சத்தம். சமைக்கும்போது வானொலியில் பாட்டு ஓடுகிறது. 'ஆல்ஃபா சம்திங்' இசையமைத்தவை. அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரைப்பாட்டின் வாசனை ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ஆண்டு நகர்ந்துவிட்டது என்பதைத் தேதி பார்க்காமல் பாட்டை வைத்தே கண்டுகொள்ளலாம். ஹெட்ஃபோன் போட்டு விளையாடினால் கூடுதலாகக் கிடைக்கும்.

இனி வருவது முடிவைப் பற்றி. விளையாடிவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

பாவலன் இறந்த பிறகு, கவின் வேலையும் தன் உலகமுமாகத் தள்ளிப் போன பிறகு, வெண்பா தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடுகிறாள். கடைசியில் கவின் கடல் கடந்து அவளைத் தேடி வருகிறான். இருவரும் சேர்ந்து சமைக்கிறார்கள். இதை விளையாடியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார், முடிவு அவசரமாக வருகிறது என்பது. மொத்த விளையாட்டுமே ஒன்றரை மணி நேரம்தான். அமெரிக்க விலை ஏறத்தாழ 15 டாலர். ஏழு அத்தியாயங்களில் முப்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அம்மாவும் மகனும் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு பெரிது, அதற்குக் கொடுத்த இடம் சிறிது. இன்னொரு புகாரும் உண்டு: கதை வெண்பாவுடையது, கடைசியில் ஏன் கவின் கைக்குப் போக வேண்டும்? என் மருமகனின் வருத்தம் வேறு. பிடித்த பதார்த்தத்தைக் கதை இல்லாமல் சும்மா சமைத்துப் பார்க்க வழி வைத்திருக்கலாமே என்றான். அவன் சொல்வது நியாயம்.

முடிவைப் பற்றி ரசிகர்கள் புகார் சொல்வது புதிதல்ல. ஒரு தொடரின் கடைசிப் பாகத்தின் மேல் அவர்கள் சுமத்தும் எதிர்பார்ப்பு எவ்வளவு கனமானது என்பதற்கு 'சீரோ எஸ்கேப்' நல்ல உதாரணம். கோடாரோ உச்சிகோஷியின் அந்த விஷுவல் நாவல் தொடர் 2009இல் ஜப்பானில் தொடங்கியது, 2012இல் இரண்டாம் பாகம் வந்தது. மூன்றாவது நிறுத்திவைக்கப்பட்டதாக 2014இல் அறிவிப்பு வந்தபோது ரசிகர்களே இயக்கம் நடத்தினார்கள். 2016இல் 'சீரோ டைம் டிலெம்மா' வெளியானது. நிலைப்படமும் வசனமுமாக இருந்த பாணியை விட்டுவிட்டுச் சினிமாக் காட்சிகளுக்குப் போனது. முடிச்சுகள் அவிழ்ந்த திருப்தி ஒரு பக்கம், பழைய பாணி போன வருத்தம் மறுபக்கம் என்று ரசிகர்கள் பிரிந்து நின்றார்கள். அங்கே கேள்வி, போட்ட முடிச்சுகளை எப்படி அவிழ்த்தார்கள் என்பது. வெண்பாவில் அவிழ்க்க மர்மம் எதுவும் இல்லை. அதனால் முடிவை அளக்க வேறு படி வேண்டும்.

என் அபிப்பிராயம் இது. கரண்டி மகன் கைக்குப் போவது சரிதான். அதற்கு முன்பே, அம்மாவின் குறிப்பேட்டைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் கவின் தனியாகச் சமைக்கும் அத்தியாயம் வந்துவிடுகிறது. அங்கே நானும் அவனோடு சேர்ந்து தடுமாறினேன். தமிழ் தெரிந்தும், அவன் கண்ணால் பார்க்கும்போது அந்தப் பக்கம் எனக்கும் அந்நியமாகத் தெரிந்தது. அந்தத் தடுமாற்றத்துக்குப் பதிலாகத்தான் கடைசிச் சமையல் அமைகிறது. குறிப்பேடு கிழிந்தால் என்ன, எழுதியவளின் மகள் பக்கத்தில் நிற்கிறாள். நீளமான வசனம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. அவசரம் என்று சொல்பவர்களோடு இந்த இடத்தில் நான் உடன்படவில்லை.

ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அவ ஊருக்கு வந்து யாருகூட இருந்தா? அதச் சொல்லலியே" என்றாள்.

அவள் கேட்டதில்தான் இந்த விளையாட்டின் உண்மையான குறை இருக்கிறது. வெண்பா எப்படித் திரும்பி வந்தாள், இத்தனை ஆண்டு கழித்து வந்தவளை ஊர் எப்படிப் பார்த்தது, ஒற்றை ஆளுக்கு என்ன சமைத்தாள் என்ற எதுவும் விளையாட்டில் இல்லை. போனவர்களின் பக்கத்திலிருந்து எழுதிய கதை இது. அதை மனமார எழுதியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் வளைகுடாவிலும் வேறு நாடுகளிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நிறைய. அந்த வீடுகளில் இருப்பவர்கள் இந்தக் கதையை மறுகரையிலிருந்து பார்க்கிறார்கள். வெளிநாட்டில் விளையாடிய மகன்களும் மகள்களும் கவினுக்காக அழுதிருப்பார்கள். என் அம்மாவுக்கு வெண்பாவின் காலியான நாட்கள்தான் கண்ணில் பட்டன. அந்த நாட்களுக்கு இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் கொடுத்திருந்தால், முடிவின் கனம் இரட்டிப்பாகியிருக்கும்.

2024இல் இந்த விளையாட்டுக்குப் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது. அதே ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவான ஐஜிஎஃப்பில் பெரும்பரிசும் கிடைத்தது. விருதுக்காக வாங்கச் சொல்லவில்லை. இட்லிச் சட்டியும் புட்டுக்குற்றியும் இவ்வளவு அக்கறையோடு ஒரு வீடியோ விளையாட்டில் வந்து நான் பார்த்ததில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு விலை அதிகம் என்று தோன்றினால் தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள். சாதாரண மடிக்கணினியே போதும், என்னுடையதில் எங்கும் திணறவில்லை.

தனியாக மட்டும் விளையாடாதீர்கள். அம்மாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்காரவைத்து, வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே விளையாடுங்கள். புட்டு வரும்போது மவுசை அவர்கள் கையில் கொடுங்கள்.